அமெலி மௌரெஸ்மோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியில் பிரெஞ்சு ஓபன் தொடங்கியதும் எங்கள் நண்பர்களுக்குள் ஒரே கேள்விதான் சுற்றும்: "ராத்திரி ஆட்டம் இந்த வருஷமும் ஆண்களுக்கு மட்டும்தானா?" அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அமெலி மௌரெஸ்மோவின் பெயர் வந்துவிடும். அட்டவணைக்குப் பொறுப்பு அவர்தானே. அவர் ஆடியதைப் பார்க்காத இளைய நண்பர்கள் "யாருங்க இந்தம்மா?" என்று எரிச்சலோடு கேட்பார்கள். அந்த எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெயரோடு முப்பது வருடக் கதை ஒன்றும் இருக்கிறது. கேள்விகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

முதலில், யார் இவர்?

பிரான்ஸின் முன்னாள் டென்னிஸ் வீராங்கனை. 1979 ஜூலை 5 அன்று பாரிஸை ஒட்டிய சான் ஜெர்மான் ஆன் லே என்ற ஊரில் பிறந்தார். 2006-இல் ஆஸ்திரேலிய ஓபன், விம்பிள்டன் இரண்டையும் வென்றார். ஒற்றையர் பட்டங்கள் மொத்தம் 25. உலகத் தரவரிசையில் 39 வாரங்கள் முதலிடம். 2009 டிசம்பரில் ஓய்வு பெற்றபின் பயிற்சியாளராகவும், பிரான்ஸ் பெண்கள் அணியின் கேப்டனாகவும், வர்ணனையாளராகவும் இருந்தார். 2021 டிசம்பரில் ரோலண்ட் காரோஸின், அதாவது நாம் பிரெஞ்சு ஓபன் என்று சொல்லும் போட்டியின், இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

டென்னிஸ் பக்கம் எப்படி வந்தார்?

தொலைக்காட்சி வழியாக. 1983 ஜூன் 5 அன்று ரோலண்ட் காரோஸ் இறுதிப் போட்டியில் யானிக் நோவா, ஸ்வீடனின் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார். பிரான்ஸ் நாடே தெருவுக்கு வந்து கொண்டாடிய நாள் அது. அமெலிக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. டிவி முன்னால் நின்று, கையில் ஒன்றுமில்லாமலே நோவா அடித்ததையெல்லாம் அடித்துக் காட்டினாளாம் குழந்தை. அதைப் பார்த்த பெற்றோர் ஒரு மட்டை வாங்கிக் கொடுத்தார்கள். 1996-இல், 16, 17 வயதில், ரோலண்ட் காரோஸ், விம்பிள்டன் இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்று, அந்த வருடத்தின் ஜூனியர் உலகச் சாம்பியனானார்.

1999-இல் மெல்போர்னில் என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இதுதான் வேர்.

ஆஸ்திரேலிய ஓபனுக்கு அவர் வந்தபோது வயது 19. முன்னணி வீராங்கனைகளுக்கு வழங்கப்படும் தரநிலை எதுவும் கிடையாது. ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, அரை இறுதியில் அப்போது உலகின் நம்பர் 1 ஆக இருந்த லிண்ட்சே டேவன்போர்ட்டை 4-6, 7-5, 7-5 என்று வென்றார். வென்ற கையோடு அரங்கில் இருந்த தன் தோழியை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். பத்திரிகையாளர்கள் கேட்டபோது, அவள் என் காதலி என்றும், அவளோடு மகிழ்ச்சியாக இருப்பதால்தான் நன்றாக ஆடுகிறேன் என்றும் மறைக்காமல் சொல்லிவிட்டார். பெரிய போட்டி ஒன்றின் நடுவே 19 வயதுப் பெண் இப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. தான் பெண்களைக் காதலிப்பவர் என்பதை மறைக்காத முன்னாள் சாம்பியன் மார்ட்டினா நவ்ரத்திலோவா காலத்தில் இருந்தே விளையாட்டு உலகம் இதைக் கையாளத் தெரியாமல்தான் தடுமாறிக்கொண்டிருந்தது.

அதன்பின் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு குறைந்து, அவருடைய தோள்களைப் பற்றிய பேச்சு பெருகியது. ஓர் ஆணோடு ஆடியதுபோல இருந்தது என்றார் தோற்ற டேவன்போர்ட். இறுதிப் போட்டிக்கு முன்னால் மார்ட்டினா ஹிங்கிஸ், அவர் பாதி ஆண் என்ற பொருள்பட நிருபர்களிடம் சொன்னார். இறுதிப் போட்டியில் ஹிங்கிஸ் 6-2, 6-3 என்று வென்றார். ஊருக்குத் திரும்பினால், பிரான்ஸில் புகழ்பெற்ற ஒரு கேலிப் பொம்மலாட்ட நிகழ்ச்சியில் மௌரெஸ்மோவுக்கும் ஒரு பொம்மை தயாராக இருந்தது. தோள் மட்டும் ஊதிப் பெருத்த பொம்மை.

அடுத்து நடந்ததைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப் பிடிக்கும். அந்த வருடப் பிப்ரவரியில் பாரிஸ் உள்ளரங்கப் போட்டியின் கால் இறுதியில் அதே ஹிங்கிஸை எதிர்கொண்டு, வென்றுவிட்டார். அந்த இறுதிப் போட்டியில் 17 வயதுப் பெண் ஒருத்தியிடம் தோற்றார். அந்தப் பெண் செரீனா வில்லியம்ஸ். செரீனாவின் முதல் பட்டம் அதுதான்.

அவருடைய ஆட்டம் எப்படி இருக்கும்?

முதலில் அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்ட், அதாவது புறங்கையை முன்னால் காட்டி அடிக்கும் அடி. பந்து வருவதற்கு வெகு முன்பே உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். மட்டை பின்னால் போய், இடுப்புக்குக் கீழே இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கி வழித்துக்கொண்டு வரும். அடித்து முடிக்கும்போது வலது கை வானத்தைக் காட்டும், இடது கை சமநிலைக்காகப் பின்னால் விரிந்திருக்கும். பந்து வலைக்கு மேல் நல்ல உயரத்தில் போய், எல்லைக் கோட்டுக்குச் சற்று முன் தொப்பென்று இறங்கி, எதிராளியின் தோள் உயரத்துக்குத் துள்ளும். எதிரே ஆடுபவர்களுக்கு அந்த உயரம் பெரிய இம்சை.

தேவைப்பட்டால் அதே கையால் பந்தைத் தாழ்வாக அறுத்து விட்டு வலைக்கு ஓடிவிடுவார். வலையருகே நின்று, பந்து தரையில் படும் முன்பே வாலி அடிப்பதைப் பெண்கள் டென்னிஸ் கிட்டத்தட்ட மறந்துகொண்டிருந்த காலத்தில், அதில் கை தேர்ந்தவர் அவர். "ஆண் மாதிரி" என்று சொன்னவர்கள் அவருடைய பலத்தை மட்டும் பார்த்தார்கள். அவருடைய ஆட்டத்தின் அழகு அந்தக் கைநயத்தில் இருந்தது.

கிராண்ட் ஸ்லாம் எதையும் வெல்லாமலே நம்பர் 1 ஆனாராமே, எப்படி?

ஆமாம், 2004 செப்டம்பர் 13 அன்று. (கிராண்ட் ஸ்லாம் என்பது ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகள்.) கணினித் தரவரிசை வந்தபின் ஆண், பெண் இரு பாலிலும் ஒற்றையரில் முதலிடம் பிடித்த முதல் பிரெஞ்சுக்காரர் அவர். தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் போடுவது. அந்த வருடம் அவர் கிட்டத்தட்ட எல்லாப் பெரிய போட்டிகளிலும் கால் இறுதிக்கோ அரை இறுதிக்கோ போயிருந்தார்; ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியிருந்தார். மற்றவர்கள் காயத்தில் படுத்தபோது இவர் தொடர்ந்து புள்ளி சேர்த்தார். ஐந்து வாரம் அந்த இடத்தில் இருந்தார்.

அதைப் பாராட்டியவர்களைவிட, "பட்டமில்லாத ராணி" என்ற ரீதியில் குத்திக் காட்டியவர்களே அதிகம். முக்கியமான புள்ளிகளில் கை நடுங்குகிறது, மனம் உடைகிறது என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

சொந்த ஊரில், ரோலண்ட் காரோஸில், ஏன் வெல்லவே முடியவில்லை?

2003, 2004 இரண்டு வருடங்களும் கால் இறுதி. அதைத் தாண்டவே இல்லை. 2005-இல் மூன்றாம் சுற்றில் அனா இவானோவிச்சிடம் தோல்வி. 2006-இல் உலகின் நம்பர் 1 ஆக வந்து, நான்காம் சுற்றில் 17 வயது நிக்கோல் வைடிசோவாவிடம் முதல் செட்டை வென்றபின் தோற்றார்.

செம்மண் தரை அவருக்கு ஒத்துவராது என்று சொல்ல முடியாது. ரோம், பெர்லின் செம்மண்ணில் பட்டங்கள் வென்றவர். பாரிஸ் ரசிகர்களைக் கண்டாலே பயம் என்றும் சொல்ல முடியாது. அதே பாரிஸின் உள்ளரங்கப் போட்டியை மூன்று முறை வென்றிருக்கிறார். என் கணிப்பு இது: நோவாவுக்குப் பின் ஒற்றையரில் 2000-இல் மேரி பியர்ஸ் ஒருமுறை வென்றதைத் தவிர பிரான்ஸுக்கு அங்கே வேறெதுவும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பசி முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றி வைத்தார்கள். முதல் சுற்றில் இருந்தே அவர் முகம் இறுகிக் கிடப்பதைத் தொலைக்காட்சியிலேயே பார்க்கலாம். இன்று பிரெஞ்சு இளையவர் யாராவது பெரிய அரங்கில் தடுமாறும்போது அந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

2006 ஆஸ்திரேலிய ஓபன் பட்டம் "ஓசியில் கிடைத்தது" என்கிறார்களே?

அந்தப் போட்டியில் அவரோடு மோதிய மூன்று பேர் ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனார்கள் என்பது உண்மை. மூன்றாம் சுற்றில் மிகேலா கிராய்சிக், அரை இறுதியில் கணுக்கால் பிசகிய கிம் கிளைஸ்டர்ஸ், இறுதிப் போட்டியில் வயிற்று வலி என்று சொன்ன ஜஸ்டின் ஹெனின். இறுதிப் போட்டியில் 6-1, 2-0 என்று மௌரெஸ்மோ முன்னால் இருக்கும்போது ஹெனின் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏழு வருடம் காத்திருந்து வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம், கடைசிப் புள்ளியை அடிக்காமலே முடிந்துவிட்டது. அவர் செய்த தவறு அதில் ஒன்றுமில்லை. முந்தைய நவம்பரில்தான் லாஸ் ஏஞ்சலிஸில், வருட முடிவில் நடக்கும் டபிள்யூ.டி.ஏ. (பெண்கள் டென்னிஸ் சங்கம்) சாம்பியன்ஷிப்பில் மேரி பியர்ஸை மூன்று செட் போராடி வென்றிருந்தார். ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருந்தார்கள்!

விம்பிள்டன் 2006?

ஜூலை 8, சனிக்கிழமை, நம் நேரப்படி மாலை 6.30. எதிரே மறுபடியும் ஹெனின். இரண்டு பேருமே ஒற்றைக் கை பேக்ஹேண்ட், இரண்டு பேருமே வலைக்கு வருகிறவர்கள். அப்படி ஓர் இறுதிப் போட்டியை இன்றைக்குக் கற்பனை செய்வதுகூடக் கஷ்டம்.

எங்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருந்தது. முதல் செட் 2-6 என்று போனதும் எழுந்து வெளியே போய்விட்டேன், பார்க்க மனமில்லாமல். அம்மா உள்ளிருந்து, "உன் ஆளு ஜெயிக்கிற மாதிரி இருக்கு, வா" என்று கூப்பிட்டார். அம்மாவுக்கு டென்னிஸ் கணக்கு தெரியாது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். திரும்பி வந்தபோது இரண்டாவது செட்டில் மௌரெஸ்மோ சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடிக்கொண்டிருந்தார். அது 6-3. மூன்றாவது செட்டில் 5-4 என்று வந்து, பட்டத்துக்காக சர்வ் போட வேண்டிய கட்டம். கை நடுங்கும் என்று உலகமே சொன்ன இடம் அதுதான். அந்த கேமை வென்று, புல்தரையில் அப்படியே முழங்காலிட்டு உட்கார்ந்தார். 2-6, 6-3, 6-4.

1925-இல் சுசான் லாங்லென் வென்றபின் விம்பிள்டனை வென்ற முதல் பிரெஞ்சுப் பெண் அவர். இனி யாரும் என் நரம்புத் தளர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அன்று கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை யாரும் பாதியில் போகவில்லை. கடைசிப் புள்ளி வரை ஆடி வென்றார்.

வைர மட்டைக் கதை உண்மையா?

உண்மை. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வைர வியாபாரத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே நடந்த பெண்கள் போட்டியை ஐந்து வருடத்துக்குள் மூன்று முறை வெல்பவருக்குத் தங்கத்தில் செய்து வைரம் பதித்த மட்டை என்று அறிவித்திருந்தார்கள். 2005, 2006, 2007 என்று தொடர்ந்து மூன்று முறை வென்று அதை வாங்கிப் போனவர் மௌரெஸ்மோ.

ஆண்டி முர்ரேக்கு அவர் பயிற்சியாளராக இருந்ததில் என்ன விசேஷம்?

ஆண்கள் டென்னிஸின் உச்சியில் இருக்கும் ஒருவர், தன் குடும்பத்துக்கு வெளியே ஒரு பெண்ணை முதன்மைப் பயிற்சியாளராக வைப்பது அதுவரை கிட்டத்தட்டக் கேள்விப்படாத விஷயம். முர்ரே ஏற்கெனவே இவான் லென்டிலின் கீழ் அமெரிக்க ஓபனும் விம்பிள்டனும் வென்றவர். 2014 ஜூனில் மௌரெஸ்மோவை அமர்த்தினார். முர்ரேயின் முதல் பயிற்சியாளரே அவருடைய அம்மா ஜூடிதான், அதனால் அவருக்கு இது விசித்திரமாகத் தெரியவில்லை. வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அந்த நவம்பரில் லண்டனில் ஃபெடரரிடம் முர்ரே 6-0, 6-1 என்று தோற்றபோது பழி முழுவதும் பயிற்சியாளர் மேல் விழுந்தது. லென்டில் காலத்தில் முர்ரே தோற்றபோது யாரும் லென்டிலைக் காரணம் சொல்லவில்லை. முர்ரேயே பின்னால் இதைத்தான் சொல்லி வருத்தப்பட்டார்.

அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டிக்குப் போனதும், மைதானத்தில் நின்றபடியே மௌரெஸ்மோவைப் பற்றி வந்த விமர்சனங்களுக்கு அவர் பதில் சொன்னார். அப்புறம் 2015 மே மாதம் மியூனிக்கில் தன் வாழ்க்கையின் முதல் செம்மண் பட்டம். ஒரே வாரம் கழித்து மாட்ரிட் இறுதிப் போட்டியில், செம்மண்ணில், ஸ்பெயின் மண்ணில், நடாலை 6-3, 6-2 என்று வென்றார். லென்டிலால் முடியாதது அது. அதே ஆகஸ்டில் மௌரெஸ்மோவுக்கு மகன் பிறந்தான். 2016 மே மாதம் முர்ரேயும் அவரும் சேர்ந்து வேலை செய்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கிடையே 2013-இல் மரியன் பர்டோலி விம்பிள்டன் வென்றபோது உடன் இருந்து வழிகாட்டியதும் இவர்தான். லூகாஸ் பூய் என்ற பிரெஞ்சு வீரர் 2019 ஆஸ்திரேலிய ஓபன் அரை இறுதிக்குப் போனதும் இவர் பயிற்சியில்தான். அந்தப் பயிற்சி வேலைக்காகவே, ஆண்கள் தேசிய அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில் பிரான்ஸ் அணிக்கு முதல் பெண் கேப்டன் என்று அறிவிக்கப்பட்டிருந்த பதவியையும் தொடங்கும் முன்பே விட்டுக்கொடுத்தார்.

வர்ணனையாளராக எங்கே பேசினார்?

2021-இல் அமேசான் பிரைம் வீடியோ பிரான்ஸில் ரோலண்ட் காரோஸ் ஒளிபரப்பில் நுழைந்தபோது, அதன் வர்ணனைக் குழுவில் இருந்தார். கேமராவுக்கு முன் அவர் அதிகம் அலட்டிக்கொள்கிறவர் இல்லை. ஆட்டத்தின் உள்ளே நடப்பதைப் பேசுவார். அந்த நிறுவனத்தையும் கீழே வரும் இரவு ஆட்டக் கதையையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இரவு ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை வாங்கியது அவர்கள்தான்.

போட்டி இயக்குநர் என்றால் என்ன வேலை?

கல்யாண வீட்டில் பந்தி பொறுப்பை எடுத்துக்கொண்ட பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் வேறு, செலவழிப்பவர் வேறு. ஆனால் யாருக்கு எந்தப் பந்தி, யார் யாருக்குப் பக்கத்தில், மழை வந்தால் இலையை எங்கே போடுவது எல்லாம் அவர் தலையில்தான்.

ரோலண்ட் காரோஸில் ஒவ்வொரு நாளும் மறுநாளைய ஆட்ட வரிசை முடிவாக வேண்டும். நேற்று இரவு தாமதமாக முடித்தவரை இன்று காலையில் ஆடவைக்க முடியாது. இரட்டையரும் ஆடுபவருக்கு இடைவெளி வேண்டும். ஜப்பான் வீரர் ஆடினால் ஜப்பானில் பார்க்கும் நேரத்துக்கு வையுங்கள் என்று ஒளிபரப்பாளர் கேட்பார். பெரிய அரங்கு வேண்டும் என்று வீரர்களின் முகவர் கேட்பார். மழை பெய்தால், கூரை உள்ள இரண்டு அரங்குகளைத் தவிர மற்ற எல்லாம் நின்றுபோகும்; போட்ட திட்டம் மொத்தமும் சாயும். நேரடித் தகுதி இல்லாதவர்களுக்குத் தரும் வைல்டு கார்டு இடங்கள், பந்து சரியில்லை என்ற புகார், பயிற்சி மைதானத்துக்கான சண்டை, கடைசியில் பத்திரிகையாளர் சந்திப்பு என்று எல்லாவற்றுக்கும் வீரர்கள் தேடி வரும் முகம் இயக்குநருடையது. அதனால்தான் இந்த நாற்காலிக்குப் பெரும்பாலும் முன்னாள் வீரர்களையே தேடுகிறார்கள். மௌரெஸ்மோவுக்கு முன் இருந்த கி ஃபோர்ஜேயும் டேவிஸ் கோப்பை வென்ற அணியில் ஆடியவர்.

இரவு ஆட்ட விவகாரம் என்ன? அவர் என்ன சொன்னார்?

2020-இல் பெரிய அரங்கான ஃபிலிப் ஷாட்ரியேவுக்குக் கூரையும் விளக்கும் வந்தன. 2021-இல் இருந்து இரவு ஆட்டம். இங்கேதான் முடிச்சு: ரோலண்ட் காரோஸில் இரவுக்கு ஒரே ஓர் ஆட்டம். அமெரிக்க ஓபனிலும் ஆஸ்திரேலிய ஓபனிலும் இரவில் பொதுவாகப் பெண்கள் ஆட்டம் ஒன்று, ஆண்கள் ஆட்டம் ஒன்று. பாரிஸில் 15,000 பேர் தனி டிக்கெட் வாங்கி அந்த ஒரே ஆட்டத்துக்காக வருகிறார்கள். பெண்களுக்கு மூன்று செட், ஆண்களுக்கு ஐந்து செட். பெண்கள் ஆட்டத்தைப் போட்டு அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டால் டிக்கெட் வாங்கியவர் என்ன சொல்வார் என்பது நிர்வாகத்தின் பயம்.

2022, மௌரெஸ்மோவின் முதல் வருடம். பத்து இரவுகளில் ஒன்பது ஆண்களுக்கு. பெண்களுக்கு அலிசே கோர்னே - யெலேனா ஆஸ்டபென்கோ ஆட்டம் ஒன்றே ஒன்று. ஏன் என்று கேட்டதற்கு, இப்போதைக்கு ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் கவர்ச்சி அதிகம், ஒரு பெண்ணாக, முன்னாள் வீராங்கனையாக இதைச் சொல்வதில் எனக்குச் சங்கடம் இல்லை என்று பதில் சொன்னார். அப்போது பெண்கள் பிரிவில் இகா ஸ்வியாடெக் முப்பது ஆட்டங்களுக்கு மேல் தோற்காமல் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் பட்டமும் அவருக்குத்தான். உலகின் நம்பர் 1 ஆன அவருக்கு இரவில் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. இயக்குநரின் பேச்சு ஏமாற்றம் தந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது என்று ஸ்வியாடெக் சொன்னார். மறுநாளே மௌரெஸ்மோ வீராங்கனைகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்டபின் என்ன மாறியது? 2023-இல் மறுபடியும் ஒரே ஒரு பெண்கள் ஆட்டம். 2024-இல் ஒன்றுமில்லை. 2025-இலும் ஒன்றுமில்லை. அந்த வருடம் துனீசியாவின் ஆன்ஸ் ஜபர் வெளிப்படையாகவே கேட்டார்: பெண்கள் ஆட்டத்தைக் காட்டவே மாட்டோம், அப்புறம் யாரும் பார்ப்பதில்லை என்போம், இது என்ன நியாயம் என்ற பொருளில். பெண்கள் இரவில் ஆடத் தகுதியில்லை என்று நான் என்றும் சொன்னதில்லை, ஆட்டத்தின் நீளம்தான் சிக்கல் என்பது மௌரெஸ்மோவின் பதில்.

நான் ஜபர் பக்கம். நீளம்தான் அளவுகோல் என்றால், ஆண்கள் ஆட்டம் சப்பென்று மூன்று நேர் செட்டில் முடிந்த இரவுகள் எத்தனை! பெரிய நட்சத்திரம் தானாக முளைப்பதில்லை. நல்ல நேரத்தில், நல்ல விளக்கொளியில் திரும்பத் திரும்பக் காட்டித்தான் உருவாகிறது. மாலை ஆறரைக்குத் தொடங்கி இரண்டு ஆட்டம் வைக்கலாம். ஆனால் பகல் டிக்கெட்காரர்கள் வெளியேறவே நேரம் போதாது என்பதும், நள்ளிரவு தாண்டினால் மெட்ரோ ரயில் நின்றுபோகும் என்பதும் உண்மையான சிரமங்கள். 2022-இல் நடால் - ஜோகோவிச் கால் இறுதி இரவு ஒன்றேகாலுக்கு முடிந்தது. 2024-இல் மழையால் தள்ளிப்போய் ஜோகோவிச் - முசெட்டி ஆட்டம் முடியும்போது அதிகாலை மூன்று மணி ஏழு நிமிடம். ஒளிபரப்பு ஒப்பந்தம், டிக்கெட் விற்பனை என்று இயக்குநர் தனியாக மாற்ற முடியாதவையும் இதில் உண்டு. அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், 19 வயதில் தன் உடம்பைப் பற்றி மற்றவர்கள் சொன்ன சொல்லைச் சுமந்தவர் வாயிலிருந்து "கவர்ச்சி" என்ற அந்தச் சொல் வந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அரங்கில் மது அருந்தத் தடை விதித்தது இவர்தானா?

ஆமாம், 2024-இல். முதல் சுற்றில் பிரெஞ்சு வீரர் ஒருவரை வென்ற பெல்ஜியத்தின் டேவிட் கோஃபின், பார்வையாளர் ஒருவர் தன் மேல் சூயிங்கம்மைத் துப்பினார் என்று சொன்னார். சில நாட்களுக்குள் இருக்கைகளில் அமர்ந்து மது அருந்தக் கூடாது என்று மௌரெஸ்மோ அறிவித்துவிட்டார். நல்ல ஒயின்களைத் தேடிச் சேகரிப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர். வீரர்களின் மரியாதை என்று வந்தபோது தயங்கவில்லை.

வைல்டு கார்டு கொடுத்து ஜெயித்த கதை ஏதாவது உண்டா?

லோயிஸ் புவாசோன். 2024-இல் பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம் அவருக்கு வைல்டு கார்டு கொடுத்தது; போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. 2025-இல் மறுபடியும் கொடுத்தார்கள். தரவரிசையில் 361-ஆவது இடத்தில் இருந்தவர், கிராண்ட் ஸ்லாம் பிரதானச் சுற்றில் அதற்குமுன் ஆடியதே இல்லை. ஜெசிகா பெகுலாவை வென்றார், மிர்ரா ஆண்ட்ரீவாவை வென்றார், அரை இறுதிக்குப் போனார். அங்கே கோகோ காஃப்பிடம் தோல்வி. பாரிஸ் ரசிகர்கள் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்காகத் தொண்டை கிழியக் கத்தியதைப் பார்த்தபோது, மௌரெஸ்மோவுக்குக் கிடைக்காத இரண்டு வாரம் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. கால் இறுதியைவிட ஒரு சுற்று மேலே போய்விட்டாள்.

நடாலுக்கு நடந்த பாராட்டு விழா?

2025 மே 25, போட்டியின் முதல் ஞாயிறு. அரங்கம் முழுக்க செம்மண் நிறச் சட்டை, அதில் "நன்றி ரஃபா" என்று பிரெஞ்சில். ஃபெடரர், ஜோகோவிச், முர்ரே மூவரும் வந்து நின்றார்கள். கடைசியில் வலை ஓரமாக மண்ணைத் தள்ளினால் உள்ளே ஒரு வெள்ளைப் பலகை: நடாலின் பாதச் சுவடு, அவர் பெயர், கோப்பையின் உருவம், 14 என்ற எண். பதினான்கு பட்டங்கள். அதைப் பார்த்த நடாலின் முகத்தைப் பார்த்தால் போதும், விஷயத்தை ரகசியமாக வைத்திருந்தார்கள் என்பது புரியும்.

இந்தியாவில் இருந்து பார்க்க என்ன நேரம்?

மே, ஜூனில் பாரிஸைவிட நாம் மூன்றரை மணி நேரம் முன்னால். வெளி மைதானங்களில் ஆட்டம் நம் நேரப்படி மதியம் 2.30-க்குத் தொடங்கும். ஷாட்ரியே அரங்கில் மாலை 3.30. இரவு ஆட்டம் பாரிஸில் 8.15 என்றால் நமக்கு 11.45, ஐந்து செட் போனால் விடிந்துவிடும். பெண்கள் ஆட்டங்களைப் பார்க்க விரும்பினால் 3.30-க்கே டிவியைப் போட்டுவிடுங்கள். ஷாட்ரியேவில் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அந்த முதல் ஆட்டம்தான். அந்நேரம் பாரிஸ்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள், இருக்கைகள் பாதி காலியாக இருக்கும்.